கரண்டி இறங்காத சாக்லேட் ஐஸ்கிரீம்

வெனிலா ஐஸ்கிரீம் வீட்டில் ஓரளவு ஒழுங்காகவே வந்துவிடும். அதே அளவுகளை வைத்துக்கொண்டு, நல்ல டார்க் சாக்லேட்டை உருக்கி ஊற்றி, போதாததற்கு நாலு ஸ்பூன் கோகோவும் போட்டு உறைய வைத்துப் பாருங்கள். மறுநாள் கரண்டிதான் வளையும். சுரண்டி எடுத்து வாயில் போட்டால் மெழுகாக ஒட்டும், பின்னாலேயே மாவுத்தன்மை தெரியும், சாக்லேட் வாசனை மட்டும் எங்கோ தூரத்தில் நிற்கும். ஃப்ரிட்ஜைக் குறை சொல்வார்கள், மிஷின் இல்லாததைச் சொல்வார்கள், கிரீம் போதவில்லை என்று அடுத்த தடவை இன்னொரு பாக்கெட்டை உடைத்து ஊற்றுவார்கள். கோளாறு சாக்லேட்டிலேயே இருக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஐஸ்கிரீம் பார்வைக்குத்தான் ஒரே பொருள். நுண்ணோக்கியின் கீழ் அது பனிப்படிகங்கள், காற்றுக் குமிழ்கள், கொழுப்புத் துளிகள், இந்த மூன்றுக்கும் நடுவில் உறையாமல் மிஞ்சி நிற்கும் சர்க்கரைப் பாகு என்று பிரிந்து தெரியும். நம் கதைக்கு முக்கியம் அந்தப் பாகு. சர்க்கரை கரைந்த தண்ணீர் பூஜ்ஜிய டிகிரியில் உறையாது. ஐஸ்கிரீம் கலவையில் மைனஸ் 3 டிகிரிக்குப் பக்கத்தில்தான் முதல் படிகம் தோன்றும். படிகமாவது வெறும் தண்ணீர். சர்க்கரை முழுவதும் மிச்சமுள்ள தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. பாகு கெட்டியாகிறது, அதன் உறைநிலை இன்னும் கீழே போகிறது, இன்னும் குளிர்ந்தால்தான் அடுத்த கொஞ்சம் தண்ணீர் உறையும். இப்படியே போய் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் தண்ணீரில் முக்கால் பங்குக்கு மேல் பனியாகிவிடும். உறையாமல் தப்பித்த அந்தச் சொற்பப் பாகுதான் படிகங்களுக்கு நடுவே வழுக்கி, கரண்டிக்கு வழிவிடுகிறது. அதன் அளவு குறைந்தால் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகும்.

உறைநிலையைக் கீழே இழுப்பது இனிப்பு அல்ல, கரைந்திருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. சாதாரணச் சர்க்கரையின் மூலக்கூறு எடை 342, குளுக்கோஸுடையது 180. ஆக, ஒரே எடைக்குக் குளுக்கோஸில் ஏறக்குறைய இரண்டு மடங்கு மூலக்கூறுகள். இனிப்போ சர்க்கரையின் முக்கால் பங்குதான் இருக்கும். மளிகைக் கடையில் வெயில் காலத்தில் வாங்கும் வாசனை சேர்க்காத குளுக்கோஸ் பொடிக்கு இப்படியொரு வேலை உண்டு என்பதை அதன் விளம்பரங்கள் சொல்வதில்லை. ஐஸ்கிரீமில் ரம் ஊற்றுகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்; ஆல்கஹாலின் மூலக்கூறு எடை வெறும் 46.

இனி சாக்லேட்டுக்கு வருவோம். வறுத்து அரைத்த கோகோ விதையில் பாதிக்கு மேல் கொழுப்பு, கோகோ வெண்ணெய். மீதி, நிறமும் கசப்பும் மணமும் நிறைந்த மாவுப் பகுதி. நேப்பிள்ஸ் நகரில் அரண்மனை விருந்துகளைக் கவனித்துவந்த அந்தோனியோ லத்தீனி 1690களில் வெளியிட்ட நூலில் சாக்லேட் சேர்த்து உறைய வைக்கும் பண்டத்துக்குக் குறிப்பு இருக்கிறது. அவருக்கு இந்த இரண்டையும் பிரித்துப் போடும் வசதி கிடையாது. விதையில் இருந்ததெல்லாம் அப்படியே சட்டிக்குள் போயிற்று. 1828-ல் நெதர்லாந்தின் காஸ்பாருஸ் வான் ஹூட்டன் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் கோகோ பொடி தனியாக, கோகோ வெண்ணெய் தனியாகக் கிடைத்தன. ஐஸ்கிரீம் செய்கிறவருக்கு இது பெரிய சௌகரியம். ஏனென்றால் இரண்டும் ஐஸ்கிரீமைக் கல்லாக்குகின்றன. ஆனால் வெவ்வேறு வழிகளில்.

முதலில் கொழுப்பு. டிசம்பர் மாத நெய் பாட்டிலைப் பாருங்கள். அடியில் மணல் மணலாக உறைந்திருக்கும், மேலே எண்ணெயாக மிதக்கும். பால் கொழுப்பு ஒரே ஒரு வெப்பநிலையில் உருகும் பொருள் அல்ல. அதிலுள்ள பலவகைக் கொழுப்புகளில் சில 40 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும், சில பூஜ்ஜியத்துக்குக் கீழேகூடத் திரவமாகவே கிடக்கும். அதனால் ஃப்ரீசரில்கூடப் பால் கொழுப்பு முழுக்க விறைப்பதில்லை. கோகோ வெண்ணெயின் சுபாவம் வேறு. 25 டிகிரியில் சாக்லேட் கட்டி படக்கென்று உடையும். 34 டிகிரி தாண்டினால் மொத்தமும் குழையும். சாக்லேட் வாயில் உருகும் சுகமே இந்தக் குறுகிய இடைவெளியில்தான் இருக்கிறது. அதே குணம் ஐஸ்கிரீமில் எதிரியாகிறது. மைனஸ் 15 டிகிரியில் கோகோ வெண்ணெய் முற்றிலும் விறைத்த திடப்பொருள். ஐஸ்கிரீம் நாக்கையும் குளிர வைத்துவிடுவதால் அது உருகுவதற்கும் நேரமாகிறது. மெழுகாக ஒட்டுவதன் காரணம் இதுதான்.

மாவுப் பகுதி செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. கோகோ பொடியில் நார்ச்சத்தும் மாவுச்சத்தும் புரதமும் நிறைய. சூடான பாலில் போட்டுக் காய்ச்சினால் இவை தண்ணீரை உறிஞ்சி உப்பும். கோகோவைக் கெட்டியாகக் கரைத்து ஆறவைத்தால் கூழாக நிற்பது அதனால்தான். உறிஞ்சப்பட்ட தண்ணீர் பாகுக்குக் கிடைக்காது. ஆகவே, வெனிலாவுக்குப் போதுமானதாக இருந்த அதே தண்ணீரில் இப்போது வழுக்கிக்கொடுக்கும் பகுதி சுருங்கிவிடுகிறது. கொழுப்பு விறைத்ததோடு பாகும் வற்றிப்போனால் கரண்டி எப்படி இறங்கும்?

இங்கேதான் பலர் தவறான திருத்தம் செய்கிறார்கள். மென்மை வேண்டுமா, கிரீம் ஊற்று. கிரீம் கூடினால் மென்மை கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் கோகோவின் மணப்பொருள்களில் பல கொழுப்பில் கரைபவை. கொழுப்பு கூடக் கூட அவை அதைவிட்டு வெளியேறி மூக்குக்கு வரத் தயங்கும். நாக்கிலும் ஒரு படலம் படியும். பொதுவாக இத்தாலிய ஜெலாட்டோவில் நம் ஐஸ்கிரீமைவிடக் கொழுப்பு குறைவு, ஆனால் அதன் சாக்லேட் சுவை முகத்தில் அறையும். ‘ரிச்’ என்ற சொல்லைக் கொழுப்போடு கட்டிப்போட்டது கடைக்காரர்களின் சாமர்த்தியம் என்பது என் கட்சி. டார்க் சாக்லேட் ஐஸ்கிரீமில் செழுமை என்பது குறைந்த தண்ணீர், சிறிய படிகம், குறைந்த காற்று, நன்றாக வெந்த கோகோ.

கணக்கு இப்படி வருகிறது. கொழுப்பு நிறைந்த பால் அரை லிட்டர். ஆவினில் ஆரஞ்சு நிறப் பாக்கெட், அதில் 6 சதவீதம் கொழுப்பு, 9 சதவீதம் மற்ற திடப்பொருள்கள். 25 சதவீதக் கொழுப்புள்ள பாக்கெட் கிரீம் 200 கிராம். கோகோ பொடி 30 கிராம், 70 சதவீத டார்க் சாக்லேட் 80 கிராம். சர்க்கரை 100 கிராம், குளுக்கோஸ் 70 கிராம். கார்ன்ஃப்ளார் ஒரு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை. மொத்தம் ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் தண்ணீர் 580 கிராமுக்குள், கொழுப்பு 12 சதவீதம், அதில் மூன்றில் ஒரு பங்குதான் கோகோ வெண்ணெய். சாக்லேட்டைக் கூட்ட ஆசைப்படுகிறவர்கள் கட்டியைக் கூட்டாமல் பொடியைச் சற்றுக் கூட்டலாம். அப்போது குளுக்கோஸையும் 10 கிராம் ஏற்ற வேண்டும். சர்க்கரை உடம்புக்கு ஆகாது என்று பாதியாகக் குறைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உறைநிலையைத் தாழ்த்துவதும் அதுதான். அதைக் குறைத்துவிட்டு மென்மையை எதிர்பார்ப்பதைவிட, முழுச் சர்க்கரையோடு செய்து ஒரே ஒரு கரண்டி சாப்பிடுவது மேல்.

பால்பவுடரும் சேர்க்கலாமே என்றால், சாக்லேட்டில் வேண்டாம். திடப்பொருள் ஏற்கெனவே ஏராளம். மேலும் பால்பவுடரில் பாதி லாக்டோஸ். அது தண்ணீரில் சுலபமாகக் கரையாத சர்க்கரை. அளவு மீறினால் ஃப்ரீசரில் தனிப் படிகமாகப் பிரிந்து, பல்லில் மணலாக நறநறக்கும்.

கடையில் வாங்கும்போது லேபிளைப் படிப்பது அவசியம். சாக்லேட் என்று கேட்டால் கையில் கிடைப்பதில் பாதி ‘கம்பவுண்ட்’. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் ஹைட்ரஜனேற்றம் செய்த தாவரக் கொழுப்பு இருக்கும். கேக்கின் மேல் ஊற்றிப் பளபளப்பாக்க அது வசதி. ஐஸ்கிரீமில் மெழுகு இன்னும் பிடிவாதமாக ஒட்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்த விதையிலேயே கட்டிச் சாக்லேட் செய்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். விலை கூடுதல்தான், ஆனால் லேபிளில் இரண்டு மூன்று பொருள்களுக்கு மேல் இருக்காது. கோகோ பொடியிலும் இரண்டு ரகம். இயற்கைப் பொடி வெளிர் பழுப்பாக, லேசான புளிப்போடு இருக்கும். காரம் (ஆல்கலி) சேர்த்தது கருஞ்சிவப்பாக, புளிப்பும் துவர்ப்பும் அடங்கியிருக்கும். காஸ்பாருஸின் மகன் கோன்ராட் வான் ஹூட்டன் கொண்டுவந்த முறை என்பதால் அதை டச்சு கோகோ என்கிறார்கள். கரிய நிறமும் ஆழமான சுவையும் வேண்டுமானால் டச்சு. பொட்டலத்தின் பின்னால் ஐஎன்எஸ் 501 என்று இருந்தால் அது பொட்டாசியம் கார்பனேட், அதாவது காரம் சேர்த்த ரகம்.

காய்ச்சும் முறைக்கு வருவோம். கோகோ, கார்ன்ஃப்ளார், சர்க்கரை, குளுக்கோஸ் நான்கையும் உலர்வாகவே கலந்துவிட வேண்டும். சர்க்கரைத் துகள்கள் கோகோவைப் பிரித்து வைப்பதால் கட்டி தட்டாது. கொஞ்சம் குளிர்ந்த பாலில் குழைத்து, பிறகு மீதிப் பாலை ஊற்றி, அடி கனமான பாத்திரத்தில் இடைவிடாமல் துழாவ வேண்டும். குமிழிட்டுக் கொதிக்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் விடுங்கள். கார்ன்ஃப்ளாரின் பச்சை வாசனை போவதற்கு மட்டுமல்ல. கோகோவின் மாவுச்சத்து முழுதாக வெந்தால்தான் நாக்கில் உலர்ந்த மாவாகத் தெரியாமல் பாகோடு சேரும். முட்டை சாப்பிடுகிறவர்கள் கார்ன்ஃப்ளாருக்குப் பதில் மூன்று மஞ்சள் கரு சேர்க்கலாம்; அப்போது கொதிக்கவிடக் கூடாது, 82 டிகிரியோடு நிறுத்த வேண்டும், மீறினால் திரிந்துவிடும். இத்தாலியில் சிசிலிக்காரர்களே முட்டையை விட்டு மாவுச்சத்தைத்தான் நம்புகிறார்கள். நானும் அவர்கள் பக்கம். முட்டையின் மணம் கோகோவுக்கு முன்னால் வந்து நிற்பது எனக்குப் பிடிப்பதில்லை.

அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் பொடியாக நறுக்கிய சாக்லேட்டைப் போட்டு, ஒரு நிமிடம் விட்டு, கடைந்து சேர்க்க வேண்டும். சூடு முக்கியம். ஆறிய பாலில் உருகிய சாக்லேட்டை ஊற்றினால் கோகோ வெண்ணெய் பட்ட இடத்திலேயே உறைந்து துகள் துகளாகத் திரியும். இத்தாலியர்கள் வெள்ளை ஐஸ்கிரீமில் இதை வேண்டுமென்றே செய்து ஸ்ட்ராச்சியாதெல்லா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு இங்கே அது வேண்டாம். கடைசியில் கிரீமும் உப்பும். உப்பு கசப்பின் கூர்மையைத் தணிக்கும். இப்போது ருசி பார்த்தால் திகட்டும் அளவுக்கு இனிக்க வேண்டும். நாக்கில் இனிப்பை உணரும் செல்களிலுள்ள டிஆர்பிஎம்5 என்ற அயனி வழித்தடம் குளிரில் மந்தமாகிவிடும் என்று 2005-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. சூட்டில் அளவாக இனிப்பது உறைந்த பிறகு சப்பென்று போகும்.

அப்படியே மூடி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பதைத் தவிர்க்க வேண்டாம். கொழுப்புத் துளிகள் பாதி உறைய இந்த நேரம் தேவை. பாதி உறைந்த துளிகள்தான் கடையும்போது ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் காற்றுக் குமிழ்களைத் தாங்கும். தவிர, 4 டிகிரிக்குக் குளிர்ந்த கலவை சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைவதில்தான் எல்லாம் இருக்கிறது. மெதுவாக உறைந்தால் கொஞ்சப் படிகங்களே தோன்றிப் பெரிதாக வளரும். வேகமாக உறைந்தால் ஏராளமான படிகங்கள் தோன்றும், எதற்கும் வளர இடமிருக்காது. 50 மைக்ரானுக்குக் குறைந்த படிகத்தை நாக்கு தனியாக அறிவதில்லை. அதைத் தாண்டினால் நறுக்கென்று தெரியும்.

மிஷின் இல்லாத வீட்டில் வேகத்துக்கு எங்கே போவது? கல் உப்புக்குப் போகலாம். மூன்று பங்கு உடைத்த ஐஸ், ஒரு பங்கு கல் உப்பு, ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் எவர்சில்வர் தூக்குவாளி. உப்பு பட்ட ஐஸ் உருகத் தொடங்கும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சுற்றுப்புறத்திலிருந்தே உறிஞ்சும். ஐஸும் உப்பும் சரியான விகிதத்தில் இருந்தால் கொள்கையளவில் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கலாம். வீட்டு வாளியில் மைனஸ் 12, 15 என்று நிற்கும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசர் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். ஃப்ரீசரில் டப்பாவைச் சூழ்ந்திருப்பது காற்று. வெப்பத்தைக் கடத்துவதில் அது படுசோம்பேறி. வாளியில் தூக்குவாளியை நாலா பக்கமும் தொட்டுக்கொண்டிருப்பது உப்புத் தண்ணீர். குளிர் சில டிகிரி குறைவாக இருந்தாலும் வெப்பத்தை வாங்கும் வேகம் பல மடங்கு. ஃப்ரீசரில் நாலைந்து மணி நேரம் இழுக்கும் வேலை இங்கே முக்கால் மணிக்குள் முடிவது அதனால்தான்.

தூக்குவாளியின் கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்தால், சுவரோரம் விரல் கனத்துக்கு உறைந்து, நடுவில் இன்னும் குழம்பாக நிற்பது தெரியும். தட்டையான மரக்கரண்டியால் சுவரைச் சுரண்டி நடுவில் தள்ளிக் கலக்க வேண்டும். சுரண்டிய படிகங்கள் நடுவில் போய் உடைந்து புதுப் படிகங்களுக்கு விதையாகும். 1843-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் காப்புரிமை வாங்கிய கைச்சுற்று இயந்திரம் செய்ததும் இதையேதான். சுரண்டும் துடுப்பை உள்ளேயே பொருத்தி, கைப்பிடியை வெளியே வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பாஸ்டனிலிருந்து கப்பலில் வரும் ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். பேருந்தில் நடத்துநர்கள் இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் கூவுகிறார்கள்.

வாளியோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு மிக்ஸி இருக்கிறது. குளிர்ந்த கலவையை ஜிப் பையில் ஊற்றி, விரல் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் படுக்க வையுங்கள். பரப்பு அதிகம் என்பதால் டப்பாவைவிடச் சீக்கிரம் உறையும். பலகையான பின் உடைத்து, ஐந்து நிமிடம் வெளியே விட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தால் பிளேடு படிகங்களை நொறுக்கிவிடும். காற்று அதிகம் ஏறாது. சாக்லேட்டுக்கு அது குறையே அல்ல. ஒரு லிட்டர் கலவையை ஊதி இரண்டு லிட்டராக விற்பது தொழிற்சாலையின் கணக்கு. அடர்த்தி வேண்டும் என்பவருக்குக் காற்று பாதிக்குக் கீழே இருப்பதுதான் நல்லது.

எப்படிச் செய்தாலும், கலவை மைனஸ் 5, 6 டிகிரியில் கெட்டித் தயிர் பதத்துக்கு வரும்போது தண்ணீரில் பாதிதான் உறைந்திருக்கும். மீதி ஃப்ரீசரில் அசையாமல் உறைய வேண்டும். அப்போது புதுப் படிகங்கள் தோன்றுவதில்லை, இருப்பவையே வளரும். ஆகவே முன்பே ஃப்ரீசரில் குளிரவைத்த, ஆழமில்லாத டப்பாவுக்கு உடனே மாற்றி, மேற்பரப்பில் பட்டர் பேப்பரை ஒட்டி மூடி, ஃப்ரீசரின் உள்மூலையில் வைக்க வேண்டும். கதவோரம் கூடாது. திறந்து மூடும்போதும், கரண்ட் போய் வரும்போதும், தானாகப் பனி நீக்கும் ஃப்ரிட்ஜ் தன் சுருளைச் சூடேற்றும்போதும் வெப்பநிலை ஏறி இறங்கும். ஏறும்போது சின்னப் படிகங்கள் முதலில் உருகும். இறங்கும்போது அந்தத் தண்ணீர் பெரிய படிகங்களின் மேல் போய் ஒட்டும். பத்து நாளில் மென்மை போய்விடுவது இப்படித்தான், கெட்டுப்போய் அல்ல.

பரிமாறுவதற்கு முன் டப்பாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் கால் மணி நேரம் வையுங்கள். மைனஸ் 12 டிகிரிப் பக்கம் வந்தால் பாகு கூடிக் கரண்டி இறங்கும், மணமும் அவிழும். இது அரை லிட்டர் டப்பாவுக்கான நேரம். முழுவதையும் ஒரே பெரிய டப்பாவில் அடைத்திருந்தால் ஓரம் குழம்பாகும்வரை காத்தாலும் நடுப்பகுதி அசையாது; அதனால் உறைய வைக்கும்போதே இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.